கணக்கில் வராத இடம்

கையிலிருந்த பல்சக்கரக் கரண்டியை அந்தப் பெண் பலகையில் ‘ணங்’கென்று வைத்தபோதுதான், பேச்சு சண்டையாகிவிட்டது என்பது எனக்கு உறைத்தது. அதுவரை மராத்தியில் ஏதோ கேலி பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.

மும்பை வர்லியில் பி.டி.டி. சால் என்று சொல்லப்படும் பழைய குடியிருப்பு. இரண்டாம் மாடியின் நடையில் உட்கார்ந்திருந்தோம். தீபாவளிக்கு ஆறு நாள் இருந்தது. நடைக்கு இந்தப் பக்கம் பத்துக் கதவு, அந்தப் பக்கம் பத்துக் கதவு. பெரும்பாலானவை திறந்தே கிடந்தன. நடுவில் பழைய சேலை ஒன்றை விரித்து, ஐந்து வீட்டுப் பெண்கள் மாவு தேய்த்து, தேங்காய்ப் பூரணம் வைத்து, ஓரம் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அது கரஞ்சி. எங்கள் கோயம்புத்தூர்ப் பக்கம் சோமாசி. மடிக்கத் தெரியும் என்று சொன்னதும் எனக்கும் இடம் விட்டார்கள். மொழி தெரியாத ஊரில் ஐந்தே நிமிடத்தில் எனக்கு ஒரு வேலை கிடைத்தது.

என்னை அழைத்துப் போனவள் என்னோடு வேலை செய்யும் தோழி. மடிக்கும் கூட்டத்துக்குத் தலைவி அவளுடைய பாட்டி. எண்பதை நெருங்கும் அவரை எல்லோரும் ஆஜி என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

அன்று காலையில் நான் வேறொரு மனநிலையில் இருந்தேன். எங்கள் அலுவலகக் கூட்டம் நடந்தது லோயர் பரேலில், உயரமான கண்ணாடிக் கட்டடம் ஒன்றில். பதினெட்டாம் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால், கீழே கோபுரங்களுக்கு நடுவே ஒற்றைப் புகைபோக்கி தெரிந்தது. பஞ்சாலைப் புகைபோக்கி. அதைச் சுற்றி இருந்த ஆலை போய்விட்டது. அது மட்டும் நிற்கிறது. எனக்குச் சட்டென்று தொண்டை அடைத்தது. நான் மில் தொழிலாளியின் மகள். அப்பா ஸ்பின்னிங்கில் இருந்தார். பதிலி ஆளாகப் போய், நிரந்தரமாவதற்கு அவருக்கு ஒன்பது வருடம் ஆனது. பன்னிரண்டு வீடுகள் கொண்ட லைன் வீட்டில் நான் பத்து வயது வரை வளர்ந்தேன். காலை ஷிப்டுக்குச் சங்கு ஊதினால் லைன் முழுக்க அடுப்பு எரியும். பம்பாயில் அந்தச் சங்குக்குப் போங்கா என்று பெயர் என்றும், பதிலி ஆளை இங்கும் ‘பத்லி’ என்றுதான் சொல்வார்கள் என்றும் தோழி சொன்னபோது, சொந்தக்காரர் வீட்டு விலாசம் கிடைத்த மாதிரி இருந்தது. சால் வீடுகளை இடித்துக் கோபுரம் கட்டுகிறார்கள் என்று கேட்டதும், இடிபடுவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று அவளை நச்சரித்தேன். துக்கம் விசாரிக்கப் போகிற மனநிலையில்தான் அந்தப் படிகளில் ஏறினேன்.

அங்கேயோ தீபாவளி நடந்துகொண்டிருந்தது.

ஆஜியின் அறை 160 சதுர அடி. எங்கள் கொத்தனார் கணக்கில் ஒன்றரைச் சதுரத்தைவிடக் கொஞ்சம் கூட. ஒரு சென்ட் நிலத்தில் இப்படி இரண்டரை அறைக்கு மேல் அடங்கும். ஒரு மூலையில் குளிக்கவும் பாத்திரம் கழுவவும் ‘மோரி’ என்று ஒரு சின்னத் தொட்டித் தரை. இன்னொரு மூலையில் அடுப்பு மேடை. சுவரோடு ஒரு கட்டில், கட்டிலுக்கு மேலே சாமி, சாமிக்கு மேலே அட்டாலி. கழிப்பறை வெளியே, மாடிக்குப் பொதுவாக. மாடிக்கு இருபது அறை, தரைத்தளத்தோடு சேர்த்து நான்கு தளம், ஆக ஒரு கட்டடத்துக்கு எண்பது குடும்பம். இப்படி வர்லியில் மட்டும் 121 கட்டடங்கள் இருந்தன. 1920களில் பம்பாய் வளர்ச்சித் துறை என்ற அரசுத் துறை கட்டியது, பி.டி.டி. என்பது அதன் சுருக்கம். ஆரம்பத்தில் தொழிலாளிகளே இங்கே குடிவரத் தயங்கி, பல அறைகள் காலியாகக் கிடந்ததாம். வெளிச்சம் குறைந்த இந்த நடையைப் பார்த்தபோது அதை நம்ப முடிந்தது. பிறகு இதே நடைதான் அவர்கள் ஊராகியிருக்கிறது.

“இந்த அறையில் எத்தனை பேர் இருந்தீர்கள்?” என்று கேட்டேன். ஆஜி விரலை மடக்கி எண்ணத் தொடங்கி, நிறுத்தி, “எந்த ஷிப்டில்?” என்று திருப்பிக் கேட்டார்.

அந்தக் கேள்வி எனக்குள் எதையோ திறந்துவிட்டது. அறுபதுகளில் ரத்னகிரிப் பக்கமிருந்து கல்யாணமாகி வந்தவர் அவர். மாமியார் ‘கானாவள்’ நடத்தினார். குடும்பத்தைக் கிராமத்தில் விட்டுவிட்டுத் தனியாக வந்த மில் ஆட்களுக்கு, மாதக் கணக்கில் சமைத்துப்போடும் வீட்டுச் சாப்பாட்டுக்கடை. பதினாலு பேர் சாப்பிட்டார்கள். முதல் ஷிப்டு ஆள் எழுந்துபோன பாயில் ராத்திரி ஷிப்டு ஆள் வந்து படுப்பார். பந்தி நடையில். ஆள் மாறும், தட்டு மாறும், நடை ஓயாது. அந்தக் காலத்தில் இடத்தை அடியால் அளந்தது அரசாங்கம் மட்டும்தான். குடியிருந்தவர்கள் நேரத்தால் அளந்து பங்குபோட்டுக்கொண்டார்கள்.

கரஞ்சி பொரியும்வரை எனக்கு ஒரு தட்டில் அரிசிமாவு பாக்ரியும், கருவாட்டுச் சட்னியும், கோகம் போட்ட தேங்காய்ப்பால் சோல்கடியும் வந்தன. கருவாடு பொம்பில். வெறும் வாணலியில் வறுத்து, பூண்டும் காய்ந்த மிளகாயும் வைத்து இடித்தது. பாக்ரியின் சூடும் அந்தக் காரமும் சேர்ந்து கண்ணில் நீர் வந்தது. ஆஜி பார்த்துச் சிரித்து, சோல்கடியை என் பக்கம் நகர்த்தினார். “வேலைநிறுத்தத்தின்போது இந்தச் சட்னிதான். மீன் வாங்கக் காசில்லை” என்றார்.

1982 ஜனவரி 18. தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில் ஏறக்குறைய இரண்டரை லட்சம் மில் தொழிலாளிகள் வேலையை விட்டு வெளியே வந்தார்கள். அந்த வேலைநிறுத்தத்தை யாரும் முறைப்படி முடித்துவைக்கவேயில்லை. ஆலைகள் பலவும் மீண்டும் முழுதாக எழவில்லை. ஆஜி வீட்டில் சாப்பிட்டவர்கள் மாதக்கணக்கில் கடன் சொல்லிச் சாப்பிட்டு, ஒவ்வொருவராக ஊருக்குப் போனார்கள். கடன் வரவில்லையா என்றேன். “யாரும் ஏமாற்றவில்லை. மில் திறந்ததும் தருகிறேன் என்றார்கள். மில் திறக்கவில்லை” என்றார்.

மில் இருந்த நிலம் மட்டும் பிழைத்துக்கொண்டது. பம்பாய் நகரத்தின் நடு வயிற்றில் 58 ஆலைகள், அவற்றின் கீழே ஏறக்குறைய 600 ஏக்கர். 1991-இல் அரசு ஒரு விதி போட்டது: ஆலை நிலத்தை வேறு காரியத்துக்குப் பயன்படுத்தினால், மூன்றில் ஒரு பங்கு மாநகராட்சிக்கு, பூங்காவும் மைதானமும் போல ஊருக்கான திறந்தவெளிக்காக; இன்னொரு பங்கு பொது வீட்டுவசதிக்கு; மீதி ஆலைக்காரருக்கு. எளிய மனிதருக்கும் விளங்கக்கூடிய பங்கீடு. 2001-இல் அதைத் திருத்தினார்கள். பங்கு போடவேண்டியது முழு நிலத்தை அல்ல, கட்டடம் எதுவும் இல்லாமல் காலியாகக் கிடக்கும் பகுதியை மட்டும் என்றார்கள். ஆலை என்றால் நிலத்தின் பெரும்பகுதியில் ஷெட்டுகள்தான் நிற்கும். காலியிடம் எவ்வளவு இருக்கும்? வழக்கு நடந்தது. உயர் நீதிமன்றம் அந்த விளக்கத்தை ஏற்கவில்லை; 2006-இல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. ‘காலியிடம்’ என்ற சொல்லுக்குப் பொருள் மாறியதில் ஒரு நகரம் தன் மைதானங்களை இழந்தது. மில் தொழிலாளிகளுக்கு வீடு என்று அறிவித்தபோது ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். கிடைத்தவர்கள் அதில் சிறு பங்குதான். காலையில் நான் பதினெட்டாம் மாடியில் நின்றுகொண்டிருந்தது அந்தக் கணக்கின்மேல்தான் என்று நினைத்தபோது, வாயிலிருந்த பாக்ரி இறங்கவில்லை.

சால் வீடுகளின் கதை அதைவிட நல்லபடியாகப் போகிறது. அதை மறைக்காமல் சொல்லவேண்டும். இங்கே குடியிருப்பவருக்கு 500 சதுர அடியில், இரண்டு படுக்கையறையோடு, சொந்தமாகவே வீடு, பணம் கட்டவேண்டாம். அதே வளாகத்தில் சந்தை விலைக்கு விற்கப்போகும் கோபுரங்கள் அந்தச் செலவை ஈடுகட்டும். வர்லியில் 556 குடும்பங்களுக்கு 2025 ஆகஸ்டில் சாவி கொடுத்துவிட்டார்கள். ஜம்போரி மைதானத்துப் பக்கம் நின்று அண்ணாந்து பார்த்தால், நாற்பது மாடிக் கட்டடம் கழுத்தை வலிக்கச் செய்கிறது.

சண்டை அதில்தான் ஆரம்பித்தது. கூட்டத்தில் இளையவள் ஒருத்தி, “அடுத்த தீபாவளி நமக்கும் மேலேதான்” என்றாள். ஆஜி மாவிலிருந்து கண்ணை எடுக்காமல், “அங்கே எங்கே உட்கார்ந்து மடிப்பீர்கள்? இந்த அறை என்னவோ 160 அடிதான். ஆனால் என் வீடு அவ்வளவுதானா? இந்த நடை, படிக்கட்டு, கீழே கணபதி வைக்கும் இடம், மைதானம், எல்லாம் என் வீடுதானே? அங்கே கதவுக்கு உள்ளே இருப்பதை மட்டும்தான் அளந்து கொடுக்கிறார்கள்” என்றார்.

எனக்குக் கைதட்டவேண்டும் போலிருந்தது. நான் சொல்ல வந்ததையெல்லாம் அவர் சொல்லிவிட்டார் என்று தோன்றியது.

அப்போதுதான் எதிர்வீட்டுப் பெண் கரண்டியை வைத்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். “ஆஜி, நீங்கள் எப்போதும் இந்த நடையைப் பற்றியே பேசுகிறீர்கள். மூன்று பிள்ளை வயிற்றில் இருந்தபோதும் ராத்திரி மூன்று மணிக்கு இதே நடையில்தான் வாளியோடு கழிப்பறைக்குப் போனேன். கோடைக்குப் படுத்திருக்கும் ஆண்களைத் தாண்டித் தாண்டி. என் மகள் வயதுக்கு வந்தபிறகு ஒரு ராத்திரிகூட அவளைத் தனியாக அனுப்பியதில்லை. கூடவே எழுந்துபோய் வாசலில் நிற்கிறேன். எனக்கு மைதானம் வேண்டாம். உள்ளே தாழ்ப்பாள் போட்ட ஒரு கழிப்பறை வேண்டும்.”

தோழி இதை எனக்குக் காதோடு மொழிபெயர்த்து முடிக்கும்போது நடை முழுக்க அமைதி. எண்ணெய் மட்டும் சலசலத்தது.

எதிர்வீட்டுப் பெண் எழுந்து வீட்டுக்குள் போனாள். கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்று நினைத்தேன். புதிய வீட்டின் வரைபடத்தோடு திரும்பி வந்தாள். பீரோக் கதவில் ஒட்டி வைத்திருந்ததாம், மூலைகளில் பசை காய்ந்திருந்தது. மாவுப் பலகையின்மேலேயே அதை விரித்தாள். அவள் விரல் மற்ற எதையும் தொடாமல் நேராகக் கழிப்பறை என்று எழுதிய கட்டத்துக்குப் போய் நின்றது. ஆஜி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு வாசற்கதவைக் காட்டும் கோட்டின்மேல் விரல் வைத்து, “இதற்கு எதிரே யார்?” என்று கேட்டார்.

வீடுகளைக் குலுக்கல் முறையில்தான் ஒதுக்குகிறார்கள். எதிர்வீடு யார் என்று எந்த வரைபடத்திலும் இல்லை. அந்தப் பெண் பதில் சொல்லவில்லை. வரைபடத்திலிருந்த மாவைக் கையால் மெல்லத் தட்டிவிட்டு, மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். இருபத்திரண்டு வருடமாக ஆஜிக்கு எதிர்வீடு அவள்தான்.

பிறகு இருவரும் ஒன்றும் பேசாமல் மிச்ச மாவை மடித்து முடித்தார்கள். வேகம் குறையவில்லை. ஒருத்தி மடித்ததை இன்னொருத்தி நறுக்கினாள்.

ராத்திரி விடுதி அறைக்குத் திரும்பியதும் அம்மாவைக் கூப்பிட்டேன். “ஏன் கண்ணு, சாப்டாச்சா?” என்றாள். லைன் வீட்டைப் பற்றி நான் எழுதியதும் பேசியதும் கொஞ்சமல்ல. வாசலில் நிலாச்சோறு, திண்ணைப் பேச்சு, பன்னிரண்டு வீட்டுக் குழம்பும் ருசி பார்த்தது என்று. லைன் வீட்டுக் கழிப்பறை கிணற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தது எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் அதைப் பற்றி ஒருநாளும் எழுதியதில்லை. அம்மாவிடம் கேட்டதும் இல்லை.

“ஏம்மா, லைன் வூட்ல ராத்திரி வெளிய போகணும்னா என்ன பண்ணுவே?”

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. “பொழுது சாஞ்சா தண்ணி குடிக்கமாட்டேன் சாமி” என்றாள். “அங்கிருந்த பொம்பளைக யாருமே குடிக்கமாட்டோம்.”

பதினான்கு வருடம் அவள் அந்த வீட்டில் இருந்தாள். என் நிலாச்சோற்றுக்குப் பக்கத்தில் அவள் தாகத்தோடு உட்கார்ந்திருந்திருக்கிறாள். எனக்குப் பேச்சு வரவில்லை. கோவையிலும் இப்போது மில் இடங்களில் அடுக்குமாடி எழும்பும்போதெல்லாம் நெஞ்சு பதைக்கிறவள் நான். இனியும் பதைப்பேன். ஆனால் எதற்காகப் பதைக்கிறேன் என்பதை இன்னும் சரியாகச் சொல்லக் கற்றுக்கொள்ளவேண்டும். பெண்ணுக்குத் தாழ்ப்பாள் போட்ட கதவும் வேண்டும். அந்தக் கதவுக்கு வெளியே ஊர் கூடி உட்கார இடமும் வேண்டும். முதலாவதைக் கொடுத்துவிட்டு இரண்டாவதை விற்றுவிடலாம் என்பது பங்கீடு ஆகாது. மூன்றில் ஒரு பங்கு ஊருக்கு என்று ஒருகாலத்தில் எழுதிவைத்தவர்களுக்கு அது தெரிந்திருந்தது.

போனை வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு, நான் கேட்காத ஒன்றைச் சொன்னாள்.

“ஆனா ஒண்ணு கண்ணு. உங்கப்பாரு தவறுன அன்னிக்கி, பொணம் எடுக்கற வரைக்கும் பன்னெண்டு வூட்லயும் ஒருத்தரும் அடுப்பு பத்த வெக்கல.”