தறியை நிறுத்தி ஐந்து நிமிடம்

காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் போகும் சாலையில் பாலுசெட்டி சத்திரத்தில் இறங்கினால் திருப்புட்குழி பக்கம்தான். ஜடாயுவுக்கு இராமன் ஈமக்கடன் செய்த இடம் என்று தலபுராணம் சொல்லும் ஊர். விஜயராகவப் பெருமாளையும் மரகதவல்லித் தாயாரையும் சேவிக்க வருகிறவர்களில் குழந்தை வரம் கேட்டு வரும் பெண்கள் அதிகம். குளத்தில் மூழ்கி எழுந்து, வறுத்து ஊறவைத்த பயறை மடியில் கட்டிக்கொண்டு இரவு படுப்பார்கள். விடியும்போது அது முளைவிட்டிருந்தால் வேண்டுதல் பலித்தது என்பது நம்பிக்கை. ஊருக்குள் உடம்பைப் பற்றிய கவலைக்கு இப்படி ஓர் இடம் பல தலைமுறைகளாக இருக்கிறது.

நான் பார்க்க வந்தது வேறொரு கவலையைச் சுமந்து தெருத்தெருவாக நடக்கும் பெண்களை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் என்பது அவர்களுக்கு அரசு கொடுத்திருக்கும் பெயர். தெருவில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. “பிரஷர் பாக்கற பொண்ணு”, “மாத்திரை அக்கா” என்றால்தான் தெரியும்.

நான் கூடப்போனவருக்கு முப்பது கடந்திருக்கும். பிளஸ் டூ படித்தவர். கல்யாணமாகி வந்த வீட்டில் தறி இருந்தது. மாமியாரிடம் ஜரிகை சுற்றக் கற்றுக்கொண்டார். சுயஉதவிக் குழுவில் கணக்கு நோட்டு எழுதியது இவர்தான். அந்த நோட்டுதான் இந்த வேலைக்கு வழி விட்டது. தன்னார்வலர்களை மகளிர் குழுக்களிலிருந்து எடுப்பது இத்திட்டத்தின் ஏற்பாடு. உள்ளூர்க்காரராக இருக்க வேண்டும், எழுதப் படிக்கத் தெரிய வேண்டும், செல்போனில் விவரம் பதியத் தெரிய வேண்டும். குறுகிய பயிற்சி. அதற்குப் பிறகு கிராம சுகாதாரச் செவிலியரோடு நடந்து நடந்து கற்றதுதான் மிச்சமெல்லாம்.

முதலில் போனது ஒரு பட்டுத்தறி வீட்டுக்கு. பள்ளத்தில் காலை விட்டு உட்கார்ந்திருந்தவருக்கு அறுபதுக்கு மேல். கோர்வைச் சேலை ஓடிக்கொண்டிருந்தது. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம், இரண்டையும் கோக்க மூன்று நாடா. அதனால் பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார வேண்டும். அன்று அவர் மனைவி உட்கார்ந்திருந்தார்.

“வாம்மா. இந்தா கையி, சீக்கிரம் பாத்துட்டுப் போ” என்று தறியை விட்டு எழாமலே இடது கையை நீட்டினார் பெரியவர்.

“அப்படிப் பாக்க மாட்டேன் தாத்தா. மேல வந்து சுவத்துல சாஞ்சு உக்காருங்க. அஞ்சு நிமிஷம் பேசக்கூடாது.”

முணுமுணுத்துக்கொண்டே மேலே வந்தார். நாற்காலி போட்டார்கள். பாதம் இரண்டும் தரையில் படுகிறதா என்று குனிந்து பார்த்தார் அந்தப் பெண். காபி குடித்து அரை மணி ஆகிவிட்டதா, பாத்ரூம் போய்விட்டு வந்தாரா என்று மனைவியிடம் கேட்டார். முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே பட்டையைச் சுற்றினார். கை தொங்காமல் நெஞ்சு உயரத்துக்கு வரும்படி கீழே ஒரு தலையணை வைத்தார். மனைவி ஏதோ சொல்ல வாய் திறக்க, விரலை உதட்டில் வைத்துக் காட்டினார். முதல் அளவு 158-க்கு 94. சற்று விட்டு மறுபடி பார்த்தபோது 150-க்கு 92. இரண்டையும் எழுதிக்கொண்டார்.

இந்த ஐந்து நிமிடத்தில்தான் இந்த வேலையின் நுணுக்கம் இருக்கிறது. ரத்த அழுத்தம் பார்ப்பது பொத்தானை அமுக்கும் வேலை என்று நினைப்பவர்கள் பலர். தறியிலிருந்து எழுந்த கையோடு, பேசிக்கொண்டே, காலைத் தொங்கவிட்டபடி பார்த்தால் எண் ஏறிவிடும். ஏறிய எண்ணை நம்பி மாத்திரையைக் கூட்டினால் பெரியவர் தலைசுற்றித் தறிப் பள்ளத்திலேயே விழுவார். நகரத்துப் பெரிய கிளினிக்குகளில்கூட வந்தவுடன் நின்ற நிலையில் பட்டையைக் கட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். இந்தப் பெண் அப்படிச் செய்யவில்லை. யாரும் மேற்பார்க்காத ஒரு வீட்டில், அவசரப்படுத்தும் மனிதரிடம், சரியான முறையை விட்டுக்கொடுக்காமல் நின்றார். இதைத்தான் தொழில்திறமை என்கிறேன்.

சர்க்கரை பார்க்கும்போதும் அப்படித்தான். கையைச் சோப்பு போட்டுக் கழுவிவரச் சொன்னார். வெல்லம் தொட்ட விரல் ரத்தத்தில் இல்லாத சர்க்கரையைக் காட்டும். ஊசியை விரல் நுனியின் நடுவில் குத்தவில்லை, ஓரத்தில் குத்தினார். காரணம் கேட்டேன். “நடுவுல குத்துனா வலிக்கும் சார். அப்புறம் இவரு எப்படி நாடா புடிப்பாரு?”

பெரியவர் ஏன் தானாக ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போவதில்லை என்பதும் அந்த வீட்டிலேயே தெரிந்தது. அவருக்குக் கூலி சேலைக் கணக்கில். ஒரு நாள் அவர் வரிசையில் நின்றால் அன்று தறி ஓடாது. கோர்வைத் தறியென்றால் பக்கத்து ஆளுக்கும் அன்று வேலை போகும். ஆக, இலவச மாத்திரைக்கு இரண்டு பேரின் கூலி விலை. இரண்டு மாதம் வாங்குவார், மூன்றாம் மாதம் “உடம்பு நல்லாத்தானே இருக்கு” என்று விட்டுவிடுவார். ரத்தக் கொதிப்பு வலிக்காத நோய். பக்கவாதமாக வந்த பிறகுதான் அது தெரியும்.

தமிழ்நாட்டில் 2020-ல் எடுத்த கணக்கு இதை அப்படியே சொல்கிறது. பெரியவர்களில் 33.9 விழுக்காட்டினருக்கு ரத்தக் கொதிப்பு, 17.6 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை. கொதிப்பு உள்ளவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 7.3 விழுக்காடு மட்டுமே. சர்க்கரையில் அது 10.8. மருந்தும் மருத்துவரும் ஊர்தோறும் இருக்கிற மாநிலத்தில் இந்த நிலை. மாத்திரைக்கும் நோயாளிக்கும் நடுவே விடாமல் நடக்கிற கால்கள் இல்லை என்பதுதான் குறை. அதற்காகத்தான் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் இத்திட்டத்தைத் தொடங்கிவைத்தார். மாத்திரை வீட்டுக்கு வரும். படுத்த படுக்கையானவருக்கு இயன்முறை சிகிச்சையும் வலி தணிக்கும் பராமரிப்பும் வரும். சிறுநீரகம் செயலிழந்து வயிற்று வழியாக டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு அதற்கான பைகள் வரும். 2024-ல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் வந்தது.

அடுத்த வீடு இதற்கு நேர்மாறு. அங்கே தறி நின்றுபோய் நாளாகியிருந்தது. புற்றுநோய் முற்றிய ஒரு அம்மா கட்டிலில் படுத்திருந்தார். சிகிச்சை நடந்தது காரப்பேட்டையில். அண்ணா மறைந்த 1969-ஆம் ஆண்டிலேயே அவர் பெயரில் அவர் ஊரில் எழுந்த அரசுப் புற்றுநோய் மருத்துவமனை அது. இனிச் சிகிச்சை இல்லை, வலி இல்லாமல் பார்த்துக்கொள்வதுதான் என்று அனுப்பியிருந்தார்கள். நம்மவர் கட்டிலருகே போய், “பெரியம்மா, நான்தான். கொஞ்சம் திருப்பிவிடட்டா?” என்று கேட்டு, பதில் வரும்வரை காத்திருந்தார். மருமகளை எதிர்ப்பக்கம் நிற்கவைத்து, போர்வையைப் பிடித்து எப்படி உருட்டுவது, இழுத்தால் தோல் எப்படி உரியும் என்று செய்து காட்டினார். இரண்டு மணிக்கு ஒருமுறை பக்கம் மாற்றிவிட வேண்டும். இடுப்பெலும்புக்கு மேலே சிவந்திருந்த இடத்தை மருமகளின் விரலாலேயே தொட்டுப் பார்க்கவைத்தார். “இது புண்ணாகறதுக்கு முன்னாடி எனக்குப் போன் பண்ணணும் அக்கா.” புண்ணுக்கு மருந்து கட்டுவது பராமரிப்புச் செவிலியரின் வேலை. அது புண்ணாகும் முன்னே கண்டுபிடிப்பது இவருடைய கண்.

வெளியே வந்ததும் சற்று நேரம் பேசாமல் நடந்தார். பிறகு, “இந்த வீட்டுக்கு மட்டும் நான் நோட்டுல எழுதறதுக்காக வர்றதில்ல சார்” என்றார்.

உள்ளூர்க்காரரைப் பயிற்றுவித்து மருத்துவப் பணியில் அமர்த்துவது இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. சென்னை அடையாறில் 1958-ல் டாக்டர் கே.எஸ். சஞ்சீவி தொடங்கிய வாலன்டரி ஹெல்த் சர்வீசஸ், அன்றைய செங்கல்பட்டு மாவட்டக் கிராமங்களில் சிறு சுகாதார மையங்களை நடத்தியது. ஏறத்தாழ 5,000 பேருக்கு ஒரு மையம். பகுதிநேர மருத்துவர், பல்நோக்குப் பணியாளர்கள், ஊருக்குள்ளேயே வசிக்கும் முதலுதவியாளர் என்று அமைத்தார். நோய் முற்றிய பிறகு மருத்துவமனை கட்டுவதைவிட, முற்றாமல் பார்த்துக்கொள்ள ஊரிலேயே ஒருவர் வேண்டும் என்பது அவர் கட்சி. இந்தப் பெண் அந்த வழியில்தான் நடக்கிறார்.

இன்னொரு வழி மதுரையிலிருந்து வந்தது. 1976-ல் 11 படுக்கைகளோடு டாக்டர் ஜி. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, பள்ளிப்படிப்பு முடித்த கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து, உதவித்தொகை கொடுத்து இரண்டாண்டு பயிற்றுவித்து, தானே வேலையும் கொடுக்கிறது. பார்வை சோதிப்பதும், அறுவைக்கு நோயாளியைத் தயார்செய்வதும், அறுவை அரங்கில் மருத்துவரின் கையாக நிற்பதும் பெரும்பாலும் அவர்களே. உலகமே வந்து பார்த்துப் போகிற அந்த மருத்துவமனையின் அடித்தளம் இந்தப் பெண்கள். அங்கே பயிற்சிக்கு மாணவி பணம் கட்டுவதில்லை. பயிற்சி முடியும் இடத்திலேயே வேலை தொடங்குகிறது. இந்த இரண்டும்தான் எனக்கு முக்கியமாகப் படுகின்றன.

ஏனென்றால் திருப்புட்குழியில் இவை இரண்டும் இல்லாத கதையையும் கேட்டேன். தறியை விட்ட வீடுகளின் பெண்பிள்ளைகளுக்கு இன்று முதலில் கண்ணில் படுவது ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் பக்கம் போகும் கம்பெனி பஸ்தான். ஷிப்டுக்கு ஏற்றிப்போய் இறக்கிவிடும். கெட்ட வேலை என்று சொல்லமாட்டேன். எத்தனையோ வீட்டில் அடுப்பெரிவது அதனால். ஆனால் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2014-ல் கதவடைத்தபோது ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் என்ன ஆனார்கள் என்பதை இந்த மாவட்டம் மறக்கவில்லை. அதனால்தான் “நர்ஸ் வேலைன்னா எங்க போனாலும் உண்டு” என்ற எண்ணம் வீடுகளில் வலுத்திருக்கிறது.

அந்த எண்ணத்தை நம்பி ஒரு தகப்பனார் நெசவாளர் சங்கத்துக் கடன் போக மீதியிருந்ததைக் கொண்டுபோய் ஒரு பயிற்சி நிலையத்தில் கட்டினார். ஓராண்டு நர்சிங் டிப்ளமோ என்றார்கள். வெள்ளைச் சீருடை, தொப்பி, போட்டோ, பட்டமளிப்பு விழா எல்லாம் நடந்தது. படித்து முடித்த மகள் அரசு வேலைக்கு மனுப்போடப் போனபோதுதான், தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் கவுன்சிலில் அந்தச் சான்றிதழைப் பதிவுசெய்யவே முடியாது என்று தெரிந்தது. பதிவு இல்லாவிட்டால் செவிலியர் இல்லை. இப்போது ஒரு தனியார் மருத்துவமனையில் உதவியாளராக இருக்கிறார். செவிலியரின் பாதி வேலையைச் செய்துகொண்டு, அதில் சிறு பங்குச் சம்பளத்துக்கு.

அந்த மகளிடம் நான் பேசினேன். படுக்கை விரிப்பது, நோயாளியைக் குளிப்பாட்டுவது, சிறுநீர்ப் பையின் அளவைக் குறிப்பது, நாடி பார்ப்பது எல்லாம் கூச்சமின்றிச் சொன்னார். வேலையை அவர் வெறுக்கவில்லை. “மேல போக வழி இருந்தா போதும் அண்ணா” என்றார். வார்டு உதவியாளருக்கு முறையான குறுகிய காலப் பயிற்சியை அரசுத் திறன் மேம்பாட்டுத் திட்டங்களே தருகின்றன. ஏ.என்.எம். எனும் துணைச் செவிலியர் படிப்பு இரண்டாண்டு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக, செய்த வேலையைக் கணக்கில் எடுக்கும் ஏற்பாடு வேண்டும். பத்தாண்டு வார்டில் நின்ற கை, புதிதாக வந்தவரோடு முதல் வரியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

மாத்திரை அக்காவின் நிலையும் அதுவே. தொடக்கத்தில் மாதம் 4,500 ரூபாய், பிறகு 5,500 ரூபாய். அது சம்பளக் கணக்கில் வராது, ஊக்கத்தொகைக் கணக்கில் வரும். வருங்கால வைப்புநிதி இல்லை. ஒரு துணைச் சுகாதார நிலையத்தின் எல்லையிலுள்ள கொதிப்பையும் சர்க்கரையையும் வீடு வீடாக அறிந்து வைத்திருப்பவர் அவர்தான். வெயில், மழை, நாய்க்கடி பயம், செல்போனில் பதிவேறாத நாட்கள் எல்லாம் அவருடையவை. கொஞ்ச நேர வேலைதானே என்று இந்தத் தொகையை நியாயப்படுத்துகிறவர்கள் ஒரு நாள் அவரோடு நடந்துவர வேண்டும். கட்டிலில் கிடக்கும் பெரியம்மாவின் வீட்டிலிருந்து இரவு பத்து மணிக்கு வரும் போனை அவர் எடுக்காமல் இருக்க முடியாது.

என் தீர்ப்பு இதுதான்: இந்தப் பெண்களுக்குக் குறைந்தபட்சக் கூலியையாவது சட்டப்படி கொடுக்க வேண்டும். ஐந்தாண்டு பணி முடித்தவருக்கு ஏ.என்.எம். பயிற்சியில் இடம் ஒதுக்க வேண்டும். ஐக்கிய நாடுகள் விருதை வாங்கிக்கொடுத்த கால்கள் அவர்களுடையவை.

வாசகரிடமும் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டிலோ தெருவிலோ பிளஸ் டூ முடித்த ஒரு பிள்ளை செவிலியர் படிப்பென்று பணம் கட்டக் கிளம்பினால், நில்லுங்கள் என்று சொல்லுங்கள். அந்தக் கல்லூரி செவிலியர் கவுன்சிலின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்த பிறகு கட்டட்டும். பிரஷர் பார்க்க ஒரு பெண் வாசலில் வந்து நின்றால், கையை மட்டும் நீட்டாதீர்கள். நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவர் கேட்கும் ஐந்து நிமிடத்தைக் கொடுங்கள்.