பிட்டியில் இறங்காமல்

கடலுக்கு மேல் புகை போல் ஏதோ சுழல்கிறது. படகுக்காரர் கையை நீட்டி, "பிட்டி" என்கிறார். இன்னும் மணல் கண்ணுக்குத் தெரியவில்லை. பறவைகள்தான் தெரிகின்றன.

லட்சத்தீவின் தலைநகரான கவரத்திக்கு வடமேற்கே சுமார் 24 கி.மீ. தொலைவில் இருக்கிறது இந்தத் திட்டு. பரப்பு சுமார் 1.2 ஹெக்டேர், நம் ஊர்க் கணக்கில் மூன்று ஏக்கர். மரமோ நிழலோ குடிநீரோ கிடையாது. மனிதனுக்கு எதுவுமே இல்லாததால் பறவைகளுக்கு எல்லாம் இருக்கிறது. 1995ல் இது சரணாலயமானது.

உடன் வந்த நண்பர் புகைப்படக்காரர். மடியில் குழந்தையைப் போல 400 மி.மீ. லென்ஸை வைத்திருந்தார். ஆடும் படகில் ஸ்டாண்டு உதவாது. வெள்ளைப் பறவைக்கு அளவு வைத்தால் கறுப்புப் பறவை கரியாகிறது. கறுப்புக்கு வைத்தால் வெள்ளை சுண்ணாம்பாகிறது. போதாததற்கு லென்ஸ் மீது உப்புத் திவலை. என் பனியன் துணி அன்று பெரும் தொண்டாற்றியது.

மஞ்சள் அலகும் கலைந்த கொண்டையுமாகப் பெரிய ஆலாக்கள். முதுகு கறுத்து வயிறு வெளுத்த இன்னொரு ஆலா வகை, 'சூட்டி டெர்ன்'. இதன் இறகுக்கு நீரைத் தடுக்கும் சக்தி போதாது. கடலில் உட்கார்ந்தால் நனைந்துவிடும். எனவே கூட்டை விட்டுக் கிளம்பிய இளம்பறவை, முட்டையிடும் வயது வரும்வரை ஆண்டுக்கணக்கில் பறந்துகொண்டே இருக்கிறது. அப்படி அலைந்தது கடைசியில் கால் ஊன்ற வந்து சேரும் இடம் இதுபோன்ற மூன்று ஏக்கர் மணல்.

மூன்றாவது, பழுப்பு நிற 'நாடி'. மனிதனைக் கண்டு ஒதுங்காததால் ஆங்கில மாலுமிகள் வைத்த பெயர். முட்டாள் என்று அர்த்தம். விஞ்ஞானிகளும் விடவில்லை. அதன் விஞ்ஞானப் பெயரின் இரு பாதிகளுக்கும் ஏறக்குறைய அதே பொருள்தான். நம்பியதற்கு இப்படி ஒரு பட்டம்!

காங்கிரஸ் நிறுவனர்களில் ஒருவரான ஏ.ஓ. ஹியூம் 1875ல் இந்தத் தீவுகளுக்கு வந்தவர். அவர் காலத்தில் பறவையை அறிவது என்றால் சுடுவது. 1885ல் லண்டன் அருங்காட்சியகத்துக்கு அவர் கொடுத்த மாதிரிகள் சுமார் 80,000. கேமரா எவ்வளவோ மேல் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் நண்பர், "இன்னும் கொஞ்சம் கிட்டே போங்களேன்" என்றார்.

படகு திட்டை நெருங்கியது. ஒரு மூலையில் உட்கார்ந்திருந்த கூட்டம் அப்படியே எழும்பியது. காதடைக்கும் கூச்சல். நண்பர் பரவசத்தில் விசையை அழுத்திக்கொண்டே, "அஞ்சு நிமிஷம் இறங்கிட்டு வந்துடறேன்" என்றார். படகுக்காரர் பதில் சொல்லாமல் படகைத் திருப்பினார். பிறகுதான் பேசினார்: "சாரே, வெயிலப் பாருங்க. மணல்ல முட்டை இருக்கும்."

சூட்டி டெர்ன் இடுவது ஒரே ஒரு முட்டை. வெறும் தரையில். இந்த வெயிலில் அடைகாப்பது என்றால் சூடேற்றுவது மட்டுமல்ல, நிழல் கொடுப்பதும்தான். தாய் எழுந்து பறந்தால் முட்டை மணலிலேயே வெந்துவிடும். மிஞ்சியதை நண்டு பார்த்துக்கொள்ளும். இறங்குவதற்கு எங்களிடம் வனத்துறை அனுமதியும் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் எங்களைத் தடுத்தது சட்டமல்ல, படகுக்காரர்தான். நண்பர் சற்று நேரம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

படகுக்காரருக்கு இது வெறும் ஜீவகாருண்யம் இல்லை. லட்சத்தீவு வாழ்வது சூரை மீனால். நம் வீட்டுச் சம்பலில் இடிபடும் மாசியும் அதே மீன்தான். நடுக்கடலில் சூரைக் கூட்டம் சிறுமீன்களை மேலே விரட்ட, அங்கே ஆலாக்கள் மொய்க்கும். பறவை சுற்றும் இடத்துக்குப் படகு போகும்.

திட்டுக்கும் ஆயுள் உத்தரவாதம் இல்லை. இதே லட்சத்தீவில், பங்காரத்தை அடுத்த பரளி-1 என்ற ஆளில்லாத் தீவு முழுக்கக் கரைந்துபோனதை 2017ல் வெளியான ஆய்வு ஒன்று சொன்னது.

தொலைவில் நின்றே இரண்டு மணி நேரம் படமெடுத்தோம். எழும்பிய கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, தன் தன் இடத்தில் அமர்ந்தது. இரவு கவரத்தியில் படங்களைப் பார்த்தபோது பாதிக்கு மேல் தொடுவானம் சாய்ந்திருந்தது. நன்றாக வந்ததில் ஒன்று: சிறகை லேசாக விரித்து மணலில் நிற்கும் ஆலா. அதன் நிழலுக்குள் ஏதோ ஒரு புள்ளி. முட்டையா, கல்லா என்று பெரிதாக்கிப் பார்த்தும் எங்களால் சொல்ல முடியவில்லை. படகுக்காரரிடம் நீட்டினோம். ஒரே பார்வையில், "முட்டை" என்றார்.