கோஸ்டா ரிகாவுக்கு 125 மாதம்

தலைப்பைப் பார்த்துவிட்டு நான் எங்கேயோ கிளம்பிவிட்டதாக நினைக்க வேண்டாம். குமணன்சாவடியில் அதே மெட்ரோ தூணுக்குக் கீழேதான் தினமும் பஸ்ஸுக்கு நிற்கிறேன். இது போகாத ஊருக்குத் திட்டம் போட்ட கதை.

ஆரம்பித்து வைத்தது கல்லூரிதான். சர்வதேச வணிகப் பாடத்தில் ஆளுக்கொரு ஏற்றுமதி நாட்டைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். சீட்டுக் குலுக்கியதில் எனக்கு வந்தது கோஸ்டா ரிகா. வாழைப்பழம், அன்னாசி, காபி, மருத்துவக் கருவிகள் என்று ஏற்றுமதிப் பட்டியலைத் தேடிப் போனவன் எரிமலை, காடு, கடற்கரைப் படங்களில் மாட்டிக்கொண்டேன். பேசி முடித்து மார்க்கும் வாங்கியாச்சு. ஆனால் அந்த நாடு மட்டும் மண்டையை விட்டு இறங்கவில்லை.

சின்ன நாடு. பரப்பு 51,100 சதுர கிலோமீட்டர், அதாவது தமிழ்நாட்டில் பாதிகூடக் கிடையாது. ஒரு பக்கம் பசிபிக், மறுபக்கம் கரீபியன் கடல். ஒடுங்கிய இடத்தில் இரண்டுக்கும் நடுவே 120 கிலோமீட்டர்தான், சென்னையிலிருந்து வேலூர் போகிற தூரம்கூட இல்லை. பேசுவது ஸ்பானிஷ். தலைநகர் சான் ஹோசேயும் நம்ம மதுரையும் ஒரே அட்சரேகையில் இருக்கின்றன, இரண்டுமே ஏறக்குறைய 9.9 டிகிரி வடக்கு. ஆனால் சான் ஹோசே 1,100 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருப்பதால் மதுரை வெயில் அங்கே கிடையாது. கடிகாரம் நம்மைவிடப் பதினொன்றரை மணி நேரம் பின்னால்.

இன்னொன்று. அந்த நாட்டுக்கு ராணுவமே இல்லை. உள்நாட்டுச் சண்டை முடிந்த கையோடு, 1948 டிசம்பர் 1 அன்று ஹோசே ஃபிகெரெஸ் ஒரு சம்மட்டியால் பாசறைச் சுவரில் அடித்து, ராணுவத்தைக் கலைத்ததாக அறிவித்தார். 1949 அரசியல் சட்டமும் அதை உறுதி செய்தது. அந்தப் பாசறை இன்று தேசிய அருங்காட்சியகம். 1960-களிலிருந்து டேங்க் தயாராகும் ஆவடிக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவனுக்கு இது கொஞ்சம் நம்ப முடியாத விஷயம்தான்.

சரி, திட்டத்துக்கு வருவோம். நானும் இரண்டு நண்பர்களும். பத்து நாள். போக ஏற்ற காலம் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை, மழை இல்லாத மாதங்கள். செலவைக் கூட்டுவதற்கு முன்னால் விசாவைப் பார்த்தோம். அங்கேதான் முதல் முட்டுக்கட்டை.

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டும். தூதரகம் டெல்லியில். அமெரிக்கா வழியாகப் போனால், விமானம் மாறுவதற்கு மட்டும்கூட அமெரிக்க விசா கேட்பார்கள். எந்த விசாவாக இருந்தாலும் கேள்வி ஒன்றுதான்: நீ திரும்பிப் போவாய் என்பதற்கு என்ன சாட்சி? வேலை, சொத்து, வங்கி இருப்பு. என்னிடம் இருப்பது பி.காம். மார்க் ஷீட். அதிலும் ஒரு அரியர். (அதை எழுதவாவது திரும்பி வந்துதானே ஆகணும் என்று விண்ணப்பத்தில் சேர்க்கலாமா என்று யோசித்தோம் :-))

இரண்டாவது விஷயம் டிக்கெட் கவுன்ட்டர். கோஸ்டா ரிகாவின் தேசியப் பூங்காக்களில் உள்ளூர்க்காரருக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டவருக்குப் பல மடங்கு. பொருளாதாரப் பாடத்தில் விலைப் பாகுபாடு என்று படித்தது இதுதான். மாமல்லபுரத்தில் 2018-ல் கட்டணத்தை உயர்த்தியபோது இந்தியருக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600 ரூபாய் என்று வைத்தார்கள். நாம் எப்போதும் அந்த 40 ரூபாய் வரிசையில் நின்றே பழகியவர்கள். பக்கத்து வரிசைக்காரர் என்றால் பணக்காரர் என்று நினைத்திருந்தேன். அதில் என்னை மாதிரி டியூஷன் எடுத்துக் காசு சேர்த்தவனும் நின்றிருப்பானோ என்று இப்போதுதான் தோன்றுகிறது.

கடைசியில் நோட்டில் போட்ட கணக்கு, ஆளுக்கு: விமானம் போக வர 1,50,000. தங்க, சாப்பிட, பஸ்ஸுக்கு 52,000. விசா, டெல்லி போய் வர, இன்ஷூரன்ஸ், நுழைவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து 48,000. மொத்தம் இரண்டரை லட்சம். ப்ளஸ் டூ பசங்களுக்கு அக்கவுன்டன்சி எடுப்பதில் மாதம் 2,000 மிச்சம் பிடிக்க முடியும். இரண்டரை லட்சத்துக்கு 125 மாதம். பத்து வருடம் ஐந்து மாதம்.

பாஸ்போர்ட் செல்லுபடியாவது பத்து வருடம்தான். ஆக, நான் காசு சேர்த்து முடிப்பதற்குள் பாஸ்போர்ட் முடிந்துவிடும்!

இதைச் சொன்னதும் நண்பன் சிரித்தான். "நீ முக்கியமா அங்க என்ன பாக்கணும்?" என்றான். "ஆமை" என்றேன். அங்கே ஒஸ்தியோனல் கடற்கரையில் பங்குனி ஆமைகள் ஆயிரக்கணக்கில் கூட்டமாக வந்து முட்டையிடும். "டேய், அதே ஆமை பெசன்ட் நகருக்கு வருதுடா."

வருகிறதுதான். ஜனவரி முதல் மார்ச் வரை. 1988-லிருந்து மாணவர்கள் சேர்ந்து ஓர் அமைப்பாக இரவில் கடற்கரையில் நடந்து, முட்டைகளை எடுத்துப் பாதுகாத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை இரவு நாங்களும் போனோம். ஆமை கண்ணில் படவில்லை. அது வந்து போன தடத்தையும் மணலுக்கடியில் இருந்த முட்டைகளையும் பார்த்தோம். வழியில் செத்து ஒதுங்கிய ஆமை ஒன்றும் கிடந்தது. 2025 ஜனவரியில் இப்படி நூற்றுக்கணக்கில் சென்னைக் கரையில் ஒதுங்கின. மீன்பிடி வலையில் சிக்கினால் மூச்சுவிட மேலே வர முடியாமல் செத்துவிடுமாம். அதற்கு மேல் நாங்கள் யாரும் ஆமை பற்றி ஜோக் அடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் முழுக் கதையையும் சொன்னேன்.

"எந்த ஊருடா?"

"கோஸ்டா ரிகாப்பா."

"அங்க நம்மாளுங்க யாராவது இருக்காங்களா?"

"தெரிஞ்சவங்க யாரும் இல்லப்பா."

"அப்ப யார் வீட்ல தங்குவ?"

ஹோட்டல் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு பீரோவைத் திறந்து, பழைய எல்.ஐ.சி. பேப்பர்களுக்கு அடியிலிருந்து ஒரு பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்தார். 2001-ல் வளைகுடா வேலைக்காக எடுத்தது. வேலை கடைசி நேரத்தில் தட்டிப்போனது. 2011-ல் காலாவதி. ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். ஒரு முத்திரைகூட இல்லை. போட்டோவில் அப்பாவுக்குக் கிட்டத்தட்ட என் வயசு. இத்தனை வருடத்தில் இதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"நீ எடு. ஆனா காலாவதி ஆகறதுக்குள்ள ஒரு முத்திரையாவது வாங்கிடு. சிலோனா இருந்தாலும் சரி" என்றார்.

போன வாரம் 1,500 ரூபாய் கட்டி விண்ணப்பித்துவிட்டேன். அந்த மாதச் சேமிப்பில் மிச்சம் 500. வேலை கிடைத்து மாதம் 5,000 எடுத்து வைக்க முடிந்தால் 125 மாதம் 50 மாதமாகக் குறையும். நோட்டில் அதையும் எழுதி வைத்திருக்கிறேன். முதலில் அரியரை முடிக்கணும்.