மஞ்சள் கருவோடு மல்லுக்கட்டு

அன்புள்ள கோமதி,

"தவளை முட்டையை வைத்துக்கொண்டு நாள் முழுக்க அப்படி என்னதான்டி செய்கிறாய்?" என்று கேட்டு எழுதியிருந்தாய். கேட்டது உன் குற்றம், முழுசாகப் படித்தே ஆகவேண்டும்.

எங்கள் நாயகி ஆப்பிரிக்க நகத் தவளை. செனோபஸ் லேவிஸ் என்பது ஜாதகப் பெயர். அவளைப் பற்றி ஒரு பழைய வம்பு சொல்கிறேன். மாட்டின் பிட்யூட்டரிச் சாற்றை ஊசியில் ஏற்றினால் இவள் முட்டையிடுகிறாள் என்று 1930 வாக்கில் கேப் டவுனில் கண்டுபிடித்தவர் லான்ஸ்லாட் ஹாக்பென். அப்புறம் என்ன, 1960கள் வரை கர்ப்பப் பரிசோதனையே இவள் தலையில்தான்! சந்தேகப்படும் பெண்ணின் சிறுநீரை ஊசி போடுவார்கள். தவளை முட்டையிட்டால் அந்த வீட்டில் விசேஷம். கர்ப்பிணிகளின் சிறுநீரில் இருக்கும் அதே ஹார்மோனைத்தான் நாங்கள் மருந்தாக வாங்கிச் சாயங்காலம் போடுகிறோம். விடிந்தால் தொட்டியில் நூற்றுக்கணக்கில் முட்டை. விந்தோடு கலந்துவிட்டால் ஒன்றரை மணி நேரத்தில் முதல் பிளவு தெரியும்.

இனிமேல்தான் ரகளை. ஒரு முட்டை 1 மில்லிமீட்டருக்குச் சற்றே பெரிது. அதன் புரதத்தில் பத்தில் ஒன்பது பங்கு மஞ்சள் கரு. அதையும் முட்டை தானாகச் செய்துகொள்வதில்லை. தாயின் கல்லீரல் தயாரித்து ரத்தத்தில் அனுப்பி வைக்கும் கட்டுச்சோறு அது. நான் தேடும் புரதமோ மீதி 25, 30 மைக்ரோகிராமுக்குள் எங்கேயோ கிடக்கும். புரதங்களைப் பிரித்துப் பார்க்கும் ஜெல்லுக்குள் மஞ்சள் கரு புகுந்துவிட்டால் தடித்தடியாகப் பட்டை விழுந்து மற்றதையெல்லாம் மறைத்துவிடும்.

முதல் வேலை, முட்டையைச் சுற்றியிருக்கும் ஜெல்லியைக் கழற்றுவது. 2 சதவீத சிஸ்டைன் கரைசலை ஊற்றித் தட்டை மெல்லச் சுழற்றிக்கொண்டே பார்க்க வேண்டும். விலகி விலகி நின்ற முட்டைகள் மெதுவாக நெருங்கி, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு உருள ஆரம்பிக்கும். அந்த நிமிஷமே கரைசலைக் கொட்டிவிட்டு நாலைந்து தடவை அலச வேண்டும். போன வாரம் புதுப் பையன் ஒருவன் போனில் சிரித்துப் பேசியபடியே நின்றான். கரு அத்தனையும் கூழ். லேப் மேனேஜர் அம்மாள் பார்த்த பார்வை இருக்கிறதே, நீ பார்த்திருக்க வேண்டும்!

வேண்டிய பருவம் வந்ததும் ட்யூபுக்குப் பத்துக் கரு என்று எண்ணிப் போட்டு, தண்ணீரை ஒட்ட உறிஞ்சிவிட்டு, உலர்பனியில் உறையவைப்போம். உடைக்கும்போது கருவுக்கு 10 மைக்ரோலிட்டர் பஃபர், புரதத்தைச் செல்லின் நொதிகளே தின்றுவிடாமல் இருக்கத் தடுப்பு மருந்து, எல்லாம் ஐஸ்மேல். உப்பில் கை தாராளமானால் மஞ்சள் கருத் துகள் கரைந்து உள்ளே கலந்துவிடும். பிறகு 4 டிகிரியில் சென்ட்ரிஃப்யூஜ். வெளியே எடுத்தால் மேலே வெள்ளைக் கொழுப்புப் படலம், அடியில் மஞ்சள் கருவும் கறுப்பு நிறமியும், நடுவே தெளிந்த சாறு. பிப்பெட் டிப்பை ஓரமாக இறக்கி அந்த நடுச்சாற்றை மட்டும் எடுக்கத்தான் இத்தனை பாடும்.

எங்கள் புரொபசருக்கு இதில் ஒரு மனக்குறை உண்டு. அவர் காலத்தில் ஃப்ரியான் ஊற்றிக் குலுக்கிச் சுழற்றினால் மஞ்சள் கரு ஒழிந்துவிடுமாம். ஓசோன் படலத்தை அரிக்கிறது என்று 1987 மான்ட்ரியல் ஒப்பந்தம் அதற்கு முடிவுகட்டியது. மேல்மாடியில் யாரோ பழைய புட்டி ஒன்றைப் பதுக்கியிருப்பதாகப் பேச்சு. கேட்டால் எல்லாரும் சத்தியம் செய்கிறார்கள்!

இவ்வளவு பாடு எதற்கு என்கிறாயா? 12 முறை பிளந்து ஏறக்குறைய 4,000 செல் ஆகும்வரை கருவின் சொந்த ஜீன்கள் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. அதுவரை குடும்பம் நடப்பது தாய் வைத்துவிட்டுப் போன சரக்கில். 2014இல் ஹார்வர்டில் இந்தத் தவளையின் முட்டையில் 11,000க்கும் மேற்பட்ட புரதங்களை இனங்கண்டார்கள். சோற்றைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால், அவள் கூடவே கொடுத்தனுப்பிய மற்றச் சாமான்களை யாரடி கணக்கெடுப்பது?

திங்கட்கிழமை ஜெல் ஓட்டுகிறேன். அதற்குள், ரேவதி வேலையை விட்டுவிட்டாளாமே, அதை விவரமாக எழுது. நீ சொல்லித் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டேன்.

உன்,
வனஜா