இற்ற கயிறு

வெள்ளிக்கிழமை மதரஸாவிற்கு விடுமுறை. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை, அந்த நாளின் ஃபஜ்ருத் தொழுகைக்குப் பின் வீட்டு வாசலில் பழைய சாக்கை விரித்து, 17-ஆம் எண் ஸ்பேனரை எடுத்து வைத்துக்கொண்டு, நமது 100 சி.சி. வண்டியின் அருகில் நாம் அமர்ந்துவிடுவோம். ஜும்ஆவிற்குக் குளிக்கச் செல்வதற்குள் வேலை முடிந்துவிடும். இது அத்தாவிடமிருந்து வந்த பழக்கம். கம்பத்திலிருந்து மலைக்கு ஏலத்தோட்டத் தொழிலாளரை ஏற்றிச் செல்லும் ஜீப்பை ஓட்டியவர்கள் அவர்கள். "ஏறுறது என்ஜின் பாடு, எறங்குறதுதான் நம்ம பாடு" என்பார்கள். அந்தச் சொல்லின் பொருள் விளங்க நமக்கு நாற்பது வயதைத் தாண்ட வேண்டியிருந்தது.

வீட்டிலேயே சர்வீஸ் செய்வதில் கைவேலை எளிது. கடையில் நின்று எதை வாங்குவது என்று முடிவு செய்வதே கடினம். முதலில் ஆயில். டப்பாவின் மேலுள்ள எழுத்துகளைப் படிக்கக் கற்றுக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். 10டபிள்யூ-30 என்பது ஆயிலின் தடிமனைக் குறிப்பது. டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. முன்னுள்ள எண் குளிர்ந்த நிலையில் ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதையும், பின்னுள்ள எண் சூடேறிய பின் அது எவ்வளவு தடிமனாக நிற்கும் என்பதையும் காட்டும். நம் ஊர் வெயிலுக்குக் கெட்டியான ஆயில்தான் நல்லது என்று கடையில் எவராவது சொல்லக்கூடும். வண்டியோடு வந்த கையேடு சொல்லும் எண்ணையே பின்பற்றுவது நலம்.

அடுத்து, ஜாசோ எம்.ஏ. என்ற குறி. மோட்டார் சைக்கிள் ஆயிலுக்கென்று ஜப்பானியர் 1998-இல் வகுத்த தரம் அது. கியர் உள்ள பெரும்பாலான பைக்குகளில் என்ஜினுக்கும் கியருக்கும் கிளட்சுக்கும் ஒரே ஆயில்தான். கிளட்ச் பிளேட்டுகள் அதற்குள்ளேயே நனைந்து கிடக்கின்றன. காருக்கான சில ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் பொருள்கள் சேர்க்கப்படுகின்றன. அவை பைக்கின் கிளட்சை வழுக்கச் செய்துவிடும். கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு அந்தக் கவலை இல்லை, அதற்கு எம்.பி. என்ற குறியுள்ள ஆயில் இருக்கிறது. இவற்றை எல்லாம் நாம் நூலில் படித்து அறியவில்லை. கார் வைத்திருக்கும் மச்சான் மிச்சம் வைத்த ஆயிலை, வீண்விரயம் கூடாது என்று பயான் செய்த அதே வாரத்தில், நமது வண்டியில் ஊற்றினோம். சின்னமனூர் சாலையில் என்ஜின் இரைந்தது, வண்டி நகரவில்லை. கிளட்ச் பிளேட்டுகளை மாற்றிய செலவில் நல்ல ஆயில் பல டப்பாக்கள் வாங்கியிருக்கலாம்.

அது பணத்தோடு போயிற்று. பிரேக் ஷூவின் கதை அப்படியன்று.

பின்சக்கர டிரம்மின் வெளிப்புறத்தில், பிரேக் கம்பி இணையும் கையில் ஒரு சிறு அம்புக்குறி இருக்கும். பிரேக்கை முழுதாக மிதிக்கும்போது அந்த அம்பு, தகட்டில் பொறித்துள்ள குறியைத் தொட்டுவிட்டால் ஷூ தேய்ந்துவிட்டது என்று பொருள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை நமது வண்டியில் அந்த அம்பு குறியைத் தொட்டது. உதிரிபாகக் கடையில் இரண்டு பெட்டிகளை மேசைமேல் வைத்தார்கள். இரண்டிலும் ஒரே நிறுவனத்தின் பெயர், ஒரே வண்ணம். கடைக்காரர் ஒளிக்கவில்லை. "ஹஜ்ரத், ஒரிஜினல் வேணுமா, இது போதுமா? பேரு ஒண்ணுதான். நீங்க ஊருக்குள்ள ஓட்டுறதுக்கு இதுவே தாராளம்" என்றார். விலையில் 130 ரூபாய் வேறுபாடு. மாதக் கடைசி. நாம் இரண்டாவது பெட்டியை எடுத்துக்கொண்டோம்.

இரண்டு மாதம் கழித்து, குமுளியில் மாமா வீட்டு நிக்காஹ் முடிந்து, நாம், துணைவியார், இளைய மகள் மூவரும் அந்த வண்டியிலேயே திரும்பிக்கொண்டிருந்தோம். சாரல் மழை. குமுளியிலிருந்து லோயர்கேம்ப் வரை இறக்கம். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். மின்நிலையத்திற்கு நீர் இறங்கும் பெருங்குழாய்கள் கண்ணில் பட்ட சிறிது நேரத்தில், ஒரு வளைவுக்கு முன் பிரேக்கை மிதித்தோம். மிதி முழுதாகக் கீழே இறங்கியது; வண்டி வேகம் குறையவில்லை. எதிரே சபரிமலை செல்லும் வேன் ஒன்று ஏறி வந்தது. கியரைக் குறைத்து, முன்பிரேக்கைச் சிறிது சிறிதாகப் பிடித்து, பாறைப் பக்கத்து ஓடைக்குள் சக்கரத்தை இறக்கி நிறுத்தினோம். மகளுக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவ்வளவுதான். அல்ஹம்துலில்லாஹ். துணைவியார் ஒரு வார்த்தையும் பேசவில்லை. வேனிலிருந்து இறங்கி ஓடி வந்த ஐயப்ப பக்தர்கள் இருவர் வண்டியைத் தூக்கி நிறுத்தி, குழந்தைக்குத் தண்ணீர் கொடுத்தார்கள்.

கூடலூரில் டிரம்மைக் கழற்றியபோது காரணம் தெரிந்தது. பிரேக் ஷூ என்பது பிறை வடிவ அலுமினியத் துண்டு. அதன் முதுகில் உராயும் பொருள் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். இறக்கத்தில் தொடர்ந்து மிதிக்கும்போது டிரம் கொதிக்கும். அந்தச் சூட்டைத் தாங்கும் பசை வேண்டும். நமது ஷூ ஒன்றில் உராயும் பகுதி முழுத் துண்டாகப் பெயர்ந்து உள்ளே கிடந்தது.

ஒட்டகத்தைக் கட்டாமல் அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டலாமா என்று கேட்டவரிடம், கட்டிவிட்டுப் பொறுப்புச் சாட்டுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தி திர்மிதியில் இருக்கிறது. அதை எத்தனை ஆண்டுகளாகப் பாடம் நடத்தியிருப்போம்! கயிறு இற்றது என்று அறிந்தே கட்டியவனைப் பற்றி நாம் எண்ணிப் பார்த்ததில்லை. பயண துஆவை ஓதிவிட்டுத்தான் அன்றும் குமுளியிலிருந்து புறப்பட்டோம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். விலை குறைந்தது எல்லாம் போலி அன்று. வண்டி நிறுவனத்தின் பெட்டியில் வரும் பாகங்கள் பலவற்றை வேறு நிறுவனங்களே செய்து தருகின்றன. அவை தம் சொந்தப் பெயரிலும் கடைகளில் விற்கின்றன. கோயம்புத்தூரின் எல்.ஜி. பாலகிருஷ்ணன் நிறுவனம் ரோலான் என்ற பெயரில் செயின் விற்கிறது; சென்னையின் ரானே நிறுவனம் பிரேக் லைனிங் செய்கிறது. மதுரைக்கு அருகில் டி.வி.எஸ். ஸ்ரீசக்ரா டயர் செய்கிறது. தன் பெயரைச் சொல்லி, தன் பொறுப்பில், குறைந்த விலைக்கு விற்பவரிடம் வாங்குவதில் எந்தக் குறையும் இல்லை. பிறர் பெயரை ஒட்டி விற்பதுதான் தவறு. 1999-ஆம் ஆண்டின் வணிகக் குறிச் சட்டப்படி அது சிறைத் தண்டனைக்குரிய குற்றமுங்கூட. ஆகவே இப்போது பெட்டியில் பாக எண், தயாரிப்பாளர் முகவரி, தயாரித்த மாதம், அதிகபட்ச விலை ஆகியவற்றைப் பார்க்கிறோம். பழைய பாகத்தையும் கையோடு கொண்டுபோய் ஒப்பிடுகிறோம். டிரம்மைத் திறக்கும்போது உள்ளிருக்கும் தூசியை வாயால் ஊதுவதில்லை. மலிவான ஷூக்களில் கல்நார் கலந்திருக்கக்கூடும். அது நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

டிஸ்க் பிரேக் உள்ள வண்டிக்காரர்களுக்கும் ஒரு சொல். அந்த பிரேக் எண்ணெய், டாட் 3 ஆயினும் டாட் 4 ஆயினும், காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. புதிய டாட் 4 குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பின் அந்த வரம்பு 155-க்கு இறங்கிவிடும். போடிமெட்டு, கம்பம்மெட்டு போன்ற இறக்கங்களில் தொடர்ந்து பிரேக் பிடித்தால் அது கொதித்து ஆவிக்குமிழ் உண்டாகும். பிடிக்கும் பிடி அந்தக் குமிழை அமுக்குவதோடு நின்றுவிடும். சக்கரத்தைச் சென்று சேராது. ஆகவே இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். எது ஊற்றுவது என்பது மூடியின் மேலேயே எழுதியிருக்கும். திறந்து பல மாதம் அலமாரியில் இருந்த டப்பா எவ்வளவு நிறைந்திருந்தாலும் அதை ஊற்ற வேண்டாம். பெயிண்டில் பட்டால் அரித்துவிடும் என்பதால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

கழற்றிய ஆயிலை நாம் நெடுங்காலம் தெருச் சாக்கடையில் கொட்டினோம். அந்தச் சாக்கடை வாய்க்காலுக்குப் போகிறது. 1895-இல் கட்டி முடிந்த அணையிலிருந்து மலையைக் குடைந்து வரும் பெரியாற்று நீர், இந்தப் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்கும், நாம் வுளூச் செய்யும் குழாய்க்கும் வருகிறது. கழிவு ஆயிலை அபாயகரக் கழிவு என்றே அரசு விதிகள் வகைப்படுத்தியுள்ளன. இப்போது ஒரு கேனில் சேர்த்துவைத்து, கழிவு ஆயிலை மொத்தமாக எடுத்துப் போகிறவர்களுக்குக் கொடுக்கும் பட்டறையில் ஒப்படைக்கிறோம். காலி டப்பாவையும் அப்படியே பழைய இரும்புக்காரரிடம் போடுவதில்லை. நல்ல பெயருள்ள காலி டப்பாதான் போலி ஆயில் நிரப்புவோருக்கு மூலதனம். கத்தியால் கிழித்த பிறகே போடுகிறோம். பலரும் வுளூவைப் பற்றிக் கேட்பதால் இதையும் சொல்லிவிடுகிறோம்: கையில் ஆயிலின் கறையோ பிசுக்கோ இருப்பதால் வுளூவுக்குத் தடை இல்லை, கேஸ்கெட் பசை, பெயிண்ட் போலத் தோலின்மேல் படலமாக ஒட்டி நீரைத் தடுப்பவற்றைச் சுரண்டி அகற்றியாக வேண்டும்.

சென்ற ஆண்டு, தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று வியாபாரியிடம் கேட்டதையும், மோசடி செய்பவன் தம்மைச் சார்ந்தவன் அல்லன் என்று எச்சரித்ததையும் மாணவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தோம். அபூஹுரைரா (ரலி) அறிவிக்க, முஸ்லிமில் இடம்பெறும் ஹதீஸ். விடுமுறை நாள்களில் ஒரு பட்டறையில் எடுபிடி வேலை செய்யும் மாணவன் கை தூக்கினான்.

"ஹஜ்ரத், ஈரம்னு சொல்லித்தான் விக்கிறாங்க. தெரிஞ்சேதான் வாங்குறாங்க. அப்ப பாவம் யாருக்கு?"

அவன் எதைக் கேட்கிறான் என்று நமக்குத் தெரிந்தது. விற்பவர் வாங்குபவரை ஏமாற்றவில்லை என்றாலும் பெயருக்கு உரியவரை ஏமாற்றுகிறார், அதற்குத் துணைபோவதும் தவறு என்று மறுமொழி சொன்னோம். அவன் விடவில்லை. "எங்க பட்டறைக்கு வர்றவங்க எல்லாரும் கம்மி வெலையில போடுங்கன்னுதான் கேக்குறாங்க ஹஜ்ரத். ஒரிஜினல்தான் போடுவேன்னு சொன்னா அடுத்த பட்டறைக்குப் போயிடுறாங்க." அவன் குடும்பத்திற்கு அந்த நாள்கூலி எவ்வளவு தேவை என்பது நமக்குத் தெரியும். கேட்கிறவர்கள் யார் என்பதும் தெரியும். அன்று மாணவர்களிடம் குமுளி இறக்கத்தின் கதையை முழுதாகச் சொன்னோம், 130 ரூபாய் உட்பட. பின்னால் யார் அமர்ந்திருந்தார்கள் என்று ஒருவன் கேட்டான். அதையும் சொன்னோம்.

அடுத்த சர்வீஸுக்குப் பிரேக் ஷூ வாங்க அதே கடைக்குச் சென்றோம். முதல் பெட்டியைச் சுட்டிக்காட்டி, பில் வேண்டும் என்றோம். "இதுக்கா ஹஜ்ரத்?" என்று கடைக்காரர் சிரித்தார். பிறகு மேசைக்கு அடியில் குனிந்து, பில் புத்தகத்தை வெகுநேரம் தேடினார்.