தோளில் இருந்த கை

கொல்கத்தா ரஸ்ஸல் தெருவில் 1940இல் தொடங்கிய ஏலக்கடை ஒன்று இன்னும் இருக்கிறது. பெயர் ரஸ்ஸல் எக்ஸ்சேஞ்ச். ஞாயிற்றுக்கிழமை போனால் தேக்கு அலமாரி, சரவிளக்கு, சீமைப் பீங்கான், யாரோ விட்டுப்போன டென்னிஸ் மட்டை எல்லாம் ஏலத்துக்கு வரிசை கட்டி நிற்கும். நான் போவது வேடிக்கை பார்க்கத்தான். வாங்குவதெல்லாம் அக்கம்பக்கத்து நடைபாதைக் கடைகளில். அப்படி வாங்கிய ஓர் ஆல்பம்தான் இந்தத் தேடலுக்குக் காரணம்.

கறுப்பு அட்டைப் பக்கங்கள், நடுவே மெழுகுத்தாள். மூன்றாவது பக்கத்தில் இரண்டு இளைஞர்கள். இருபது வயது இருக்கலாம். பின்னால் திரையில் தீட்டிய மாடிப்படி, பக்கத்தில் வட்ட மேசை, காகிதப் பூ. வேட்டியின் கொசுவ நுனியை ஜிப்பாப் பையில் செருகியிருக்கிறார்கள், வங்காளிகளுக்கே உரிய முறையில். ஒருவன் நாற்காலியில். மற்றவன் பின்னால் நின்று அவன் தோளில் கை வைத்திருக்கிறான். உட்கார்ந்தவன் சும்மா இல்லை. தன் கையை உயர்த்தி, தோளில் கிடக்கும் அந்தக் கையின் இரண்டு விரல்களைப் பற்றியிருக்கிறான். பிடித்திருக்கும் விரல்களில் ஒன்றில் மோதிரம்.

இரண்டு பக்கம் தள்ளி, உட்கார்ந்திருந்த அதே ஆள், அதே நாற்காலி, பக்கத்தில் புது மனைவி. அவள் கை நாற்காலி முதுகின் மேல். அவர் கைகள் முழங்கால்களின் மேல். இருவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. பிறகு குழந்தைகள், பூரி கடற்கரை, டார்ஜிலிங் பனி. அந்த நண்பன் மறுபடி வரவே இல்லை. நண்பன் மட்டுமா, ஆல்பம் முடியும்வரை அவர் எந்த ஆணையும் தொடவில்லை.

ஆண்கள் கையை எப்போது எடுத்துக்கொண்டார்கள்? இதைக் கேட்டுக்கொண்டு அலைய ஆரம்பித்தேன்.

முதலில் பவானிபூரில் ஸ்டுடியோ வைத்திருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவரிடம் போனேன். ஜேட்டு என்றுதான் கூப்பிடுவேன், பெரியப்பா மாதிரி. படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இது பாசமில்லை, தொழில். கையை எங்கே வைப்பது என்று தெரியாதவன்தான் படத்தைக் கெடுப்பான். அதனால் வந்தவுடன் கைக்கு ஓர் இடம் கொடுத்துவிடுவோம்" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் உண்டு. 1840 ஜனவரியிலேயே கல்கத்தாப் பத்திரிகைகளில் டாகெரோடைப் கேமராவுக்கு விளம்பரம் வந்துவிட்டது. 1856இல் வங்காளப் புகைப்படச் சங்கம் தொடங்கியது. அந்தக் காலத்து ஈரத்தட்டு முறையில் ஒரு படம் பதியச் சில விநாடிகள் ஆகும். அதுவரை அசையக் கூடாது. நிற்பவர் தலை ஆடாமலிருக்கப் பின்னால் இரும்புக் கவ்வி வைத்தார்கள். தோளில் வைத்த கையும் ஒரு முட்டுதான். ஆனால் 1880களில் உலர்தட்டு பரவியதும் அந்தக் கட்டாயம் போய்விட்டது. என் ஆல்பத்துப் படம் அதற்குப் பல பத்தாண்டுகள் பிந்தியது. தவிர, ஜேட்டுவிடம் கேட்க ஒரு கேள்வி இருந்தது. கை வைக்க இடம் தேடிய அதே போட்டோகிராபர் கணவன் மனைவிக்கு ஏன் அந்த இடத்தைத் தரவில்லை? "கொடுத்திருந்தால் அவள் மாமனார் என் கேமராவை உடைத்திருப்பார்" என்றார். எனக்கு வேண்டிய பதில் அதுதான். போட்டோகிராபர் சொல்லித்தான் வைத்தார்கள் என்றாலும், எதைச் சொல்லலாம் என்பதை ஊர் முடிவு செய்தது. நண்பன் தோளில் நண்பன் கை விழுவதில் யாருக்கும் ஆட்சேபமில்லை.

சித்தார்த்த கோஷ் 1988இல் எழுதிய 'சோபி தோலா', மாலவிகா கார்லேகர் 2005இல் எழுதிய நூல் ஆகிய இரண்டும் வங்காளத்தில் கேமராவின் கதையை நன்றாகச் சொல்கின்றன. அந்தக் கதையில் எந்தத் தமிழனுக்கும் உடனே அடையாளம் தெரியும் படங்கள் ராமகிருஷ்ணருடையவை. 1879 செப்டம்பர் 21, கேசவ சந்திர சென் வீட்டில் எடுத்த படம் எனக்கு மிகவும் பிடித்தது. சமாதி நிலையில் நிற்கிறார் பரமஹம்சர். விழுந்துவிடாமல் மருமான் ஹிருதய் பக்கத்தில் நின்று தாங்கியிருக்கிறார். தரையில் பிரம்ம சமாஜத்தார். வழிபாட்டுப் படமாகவே பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஹிருதயின் கை தெரிவதில்லை. ஒருமுறை தெரிந்துவிட்டால் பிறகு அதுதான் முதலில் தெரியும். 1881 டிசம்பர் 10 அன்று ராதாபஜாரில் ஸ்டுடியோவில் எடுத்த படத்தில் தாங்க ஆளில்லை. கை ஒரு தூணின் மேல். 1886 ஆகஸ்டில் காசிப்பூரில் அவர் மறைந்தபோது சீடர்களோடு ஒரு படம் எடுக்கச் சொல்லிப் பத்து ரூபாய் கொடுத்தவர் டாக்டர் மகேந்திரலால் சர்க்கார். பின்னாளில் சி.வி. ராமன் ஆய்வு நடத்திய பௌபஜார் அறிவியல் கழகத்தை 1876இல் நிறுவியவரும் இவரே. உடலைச் சுற்றி நெருக்கியடித்து நிற்கும் அந்தக் கூட்டத்தில் நரேந்திரநாத்தும் ஒருவர்.

ஏழு ஆண்டுகள் கழித்து அதே நரேந்திரர், விவேகானந்தராகி, சிகாகோவில் கேமரா முன் நிற்கிறார். தனியாக. தலைப்பாகை, மார்பின் குறுக்கே கட்டிய கைகள். 1893இல் எடுத்த அந்தப் படம் சுவரொட்டியாகி, காலண்டராகி, நம் ஊர்ப் பள்ளிக்கூடச் சுவர்வரை வந்துவிட்டது. எனக்குத் தெரிந்து இந்திய ஆண்கள் இவ்வளவு பேர் பார்த்து நின்றுபழகிய 'போஸ்' வேறில்லை. வங்காளி ஆண் பெண்தன்மை கொண்டவன், கோழை என்று ஆங்கிலேயர் எழுதித்தள்ளிய காலம் அது. அந்தப் பழியின் அரசியலை மிருணாளினி சின்ஹா 1995இல் ஒரு நூலாகவே எழுதியிருக்கிறார். பதிலாக அகாடா என்ற மல்யுத்தக் கூடங்களும் உடற்பயிற்சிச் சங்கங்களும் முளைத்தன. கல்லூரி வகுப்பு, கால்பந்து அணி, அலுவலக வழியனுப்பு என்று எந்தக் குழுப்படத்திலும் கை கட்டி மார்பு நிமிர்த்துவது வழக்கமாயிற்று. நண்பன் தோளுக்குப் போகவேண்டிய கை சொந்த மார்புக்கு வந்து சேர்ந்த பாதைகளில் இது ஒன்று என்று நினைக்கிறேன்.

இதைச் சொன்னதும் நண்பர்கள் மெக்காலேயிடம் போய்விடுவார்கள். ரஸ்ஸல் தெருவிலிருந்து மெக்காலேயிடம் போவது சுலபம்தான். அவர் குடியிருந்த வீட்டு மனையில்தான் பெங்கால் கிளப் நிற்கிறது, ஏலக்கடைக்கு வெகு பக்கம். 1834இல் வந்தவர் 1837இல் தண்டனைச் சட்டத்தின் வரைவை முடித்தார். அது சட்டமானது 1860இல், நடைமுறைக்கு வந்தது 1862 ஜனவரி முதல். ஆணும் ஆணும் உறவுகொள்வதைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவு அதில்தான். வெள்ளைக்காரன் சட்டம் போட்டான், நாம் கையை எடுத்துவிட்டோம் என்கிற கதை கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஆல்பங்கள் ஒத்துவரவில்லை. விரல் கோத்த படங்கள் இந்த நகரத்தில் செழித்ததெல்லாம் அந்தச் சட்டத்தின் கீழேதான், ஏறக்குறைய நூறு வருஷம். 1905 அக்டோபர் 16, வங்கப் பிரிவினை அமலுக்கு வந்த நாளில், ரவீந்திரநாத் தாகூர் கங்கையில் குளித்துவிட்டு ராக்கிக் கயிறுகளோடு தெருவில் நடந்தார். இந்துவும் முஸ்லிமும் ஒருவர் மணிக்கட்டைப் பிடித்து ஒருவர் கயிறு கட்டினார்கள். ஆண் கையை ஆண் பிடிப்பதை அரசியலாகவே செய்துகாட்டிய ஊர் இது.

அமெரிக்காவில் கதை வேறு. ஆயிரக்கணக்கான பழைய படங்களை அலசி ஜான் இப்சன் 2002இல் ஒரு புத்தகம் எழுதினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்ட ஆண்கள், இருபதாம் நூற்றாண்டு நகர நகர விலகி நிற்கிறார்கள். ஓரினச்சேர்க்கையாளர் என்று ஒரு தனி ரகம் இருப்பதாக மருத்துவமும் பத்திரிகைகளும் கற்றுக்கொடுத்த பிறகு அந்தப் பெயர் வந்துவிடுமோ என்ற பயம் பிடித்துக்கொண்டது. கொல்கத்தாவுக்கு அந்தப் பயம் தாமதமாக வந்தது. கை காணாமல்போனது அதற்கும் முன்னால்.

காரணத்தைக் காட்டியது எங்கள் வீட்டுப் படமே. என் சொந்தப் பெரியப்பா சுதந்திரத்துக்கு முன்பு வேலை தேடிக் கல்கத்தா வந்தவர். டைப்ரைட்டிங்கும் சுருக்கெழுத்தும் பாஸ் செய்துவிட்டு ஹவுரா ஸ்டேஷனில் வந்து இறங்கிய தஞ்சாவூர், பாலக்காட்டுப் பையன்கள் ஏராளம். பகலில் டல்ஹௌசி சதுக்கத்துக் கம்பெனிகள், இரவில் லேக் மார்க்கெட் பக்கம் ஓர் அறையில் நாலைந்து பேர். பெரியப்பாவும் அவர் அறைத்தோழரும் எடுத்துக்கொண்ட படத்தில் இருவரும் கோட்டும் வேட்டியும், கைகோத்து நிற்கிறார்கள். ஒரே கோட்டையே இருவரும் பலமுறை மாறி மாறிப் போட்டிருக்கிறார்கள் என்று பெரியம்மா சொல்வார். படச் செலவைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஆளுக்கொரு பிரதி ஊருக்குப் போயிற்று. தோழருக்கு வேலை பம்பாய்க்கு மாறிய சமயம் அது. பெற்றவர்களுக்கு, பையன் தனியாக இல்லை என்று தெரியவேண்டும். பிரிகிற இருவருக்கும் கையில் ஏதாவது மிஞ்சவேண்டும். அந்தக் கால நட்புப் படங்களில் பல இப்படிப் பிரிவுக்காக எடுத்தவைதான். கல்யாணத்துக்கு முன், கப்பலேறும் முன், மாற்றல் உத்தரவு வந்த வாரம். ஸ்டுடியோவுக்குப் போவதே ஒரு சடங்கு. குளித்து, முடிவெட்டி, காசு எண்ணிப் போக வேண்டும்.

அந்தச் சடங்கைக் கெடுத்தது சொந்தக் கேமரா. அறுபதுகளில் ஆக்ஃபா கிளிக் 3 நடுத்தர வீடுகளுக்குள் நுழைந்தது. ஒரு சுருளில் பன்னிரண்டு படம். வீட்டுத் தலைவர் கேமராவைக் கண்ணில் ஒட்டிக்கொண்டு நின்றார். எதிரே மனைவி, குழந்தை, நினைவுக்கு ஒரு பூரி கடற்கரை, பின்னணியில் காஞ்சன்ஜங்கா. பன்னிரண்டில் ஒன்றை நண்பனுக்குச் செலவழிக்க யாருக்கு மனம் வரும்? ஆல்பம் குடும்பத்தின் சொத்தாகிவிட்டது. அட்டா என்ற வங்காள அரட்டையில் தோளோடு தோள் இடித்துக்கொண்டிருந்த அதே மனிதர்கள் படத்தில் இல்லாமல் போனார்கள். ஸ்டுடியோக்களும் ஒவ்வொன்றாகப் போயின. எஸ்பிளனேடில் இருந்த போர்ன் அண்ட் ஷெப்பர்டின் பெட்டகம் 1991இல் தீயில் எரிந்தது. கடை 2016இல் மூடியது.

அமெரிக்காவின் அந்தப் பயம் இங்கே வந்து சேர்ந்தபோது தோளில் கை போடும் படம் ஏற்கெனவே வழக்கொழிந்திருந்தது. அதனால் பயத்துக்கு வேலை சுலபம். எண்பது தொண்ணூறுகளில் வளர்ந்த என் வயதுக்காரர்கள் தாத்தா படத்தைப் பார்த்துக் கேலி செய்யக் கற்றுக்கொண்டோம். வேடிக்கை என்னவென்றால், 1999 ஜூலை 2 அன்று இந்தியாவின் முதல் பால்புதுமையர் பேரணி இதே கொல்கத்தாவில் பதினைந்து பேருடன் நடந்தபோது அவர்கள் அதற்கு வைத்த பெயர் நட்பு நடை. மற்ற ஆண்கள் வெட்கப்பட்டு ஒதுக்கியதை அவர்கள் மஞ்சள் பனியனோடு தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் 377ஐ, மனமொத்த வயதுவந்தோர் விஷயத்தில், செல்லாது என்றது.

இப்போது சந்தை தலைகீழ். நினி, டிரெட்வெல் என்ற அமெரிக்க இணையர் உலகெங்கும் சேகரித்த ஆண் ஜோடிப் படங்கள் 2020இல் புத்தகமாக வந்தன. நடைபாதைக் கடைக்காரர்வரை அந்தச் செய்தி வந்திருக்கிறது. "கை கோத்த படமா தாதா? அதுக்கு விலை தனி" என்கிறார். என் ஆல்பத்தைப் பார்த்த இருபத்திரண்டு வயது சக ஊழியன் ஒரு நொடியில் சொன்னான்: காதலர்கள். ஜேட்டு ஒரு நொடியில் சொன்னார்: சிநேகிதர்கள், வேறென்ன. இருவரும் அவசரப்படுகிறார்கள். இரண்டு விரலைப் பிடித்தவனுக்கு இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய அவசியம் வந்திருக்காது. அந்த வசதியைத்தான் நாம் இழந்திருக்கிறோம்.

விஜயதசமி அன்று வங்காள ஆண்கள் மும்முறை தழுவிக்கொள்வார்கள். கோலாகுலி என்பார்கள். நான் புரட்டிய பழைய ஆல்பம் எதிலும் அது இல்லை. அசைந்தால் படம் கலைந்துவிடும் என்பதால் இருக்கலாம். போன வருஷம் எங்கள் தெருப் பந்தலில் துர்க்கையை லாரியில் ஏற்றியபின் கோலாகுலி நடந்தது. எங்கும் செல்போன்கள். இரண்டு பையன்கள் வலம், இடம், வலம் என்று தழுவி முடித்தார்கள். "வரலடா, இன்னொரு தடவை" என்றான் படம் பிடித்தவன். அவர்கள் சட்டையைச் சரிசெய்துகொண்டு, தலைமுடியை ஒதுக்கிவிட்டு, மறுபடி ஆரம்பத்திலிருந்து தழுவினார்கள்.