தைப்பிங்கில் ஒரு பகல்

கோலாலம்பூரிலிருந்து காலையில் கிளம்பி இரவுக்குள் வீடு திரும்பிவிடக்கூடிய ஊர் எது என்று கேட்டால் பலர் ஈப்போ என்பார்கள், சிலர் மலாக்கா என்பார்கள். இரண்டும் நல்ல ஊர்கள்தாம். ஆனால் கூட வருபவர் எழுபதைத் தாண்டியவர் என்றால் நான் தைப்பிங்கைத்தான் சொல்வேன். தூரம் கொஞ்சம் அதிகம். இ.டி.எஸ். ரயிலில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். இருந்தாலும் தைப்பிங்தான்.

போனது மூன்று பேர். 67 வயதான நான், என் மனைவி, 78 வயதான என் அக்கா. அக்காவுக்கு முட்டி வலி, சர்க்கரை, கூடவே நல்ல ஞாபகசக்தி. மகன் முதல் நாளே கைப்பேசியில் ஒரு பட்டியல் அனுப்பிவிட்டான். ஏரிப் பூங்கா, அருங்காட்சியகம், மிருகக்காட்சிச்சாலை, புக்கிட் லாருட் மலையடிவாரம், கோலா செப்பத்தாங்கின் கரிச்சூளைகள் என்று எட்டு இடங்கள், ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிடம் என்ற கணக்கோடு. பிள்ளைகள் அன்பை இப்போதெல்லாம் அட்டவணையாகத்தான் அனுப்புகிறார்கள். நாங்கள் பார்த்தது இரண்டே இடங்கள்.

பெரியவர்களோடு போவதற்கு ரயில்தான் வசதி. எழுந்து நாலடி நடக்கலாம், கழிவறைக்கு யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை, சிற்றுண்டிப் பெட்டியில் சூடாக ஏதாவது கிடைக்கும். காரில் போனால் ஓட்டுகிறவனுக்கும் பதற்றம், "அடுத்த ஓய்விடம் எப்போ வரும்?" என்று கேட்கத் தயங்கும் பெரியவருக்கும் பதற்றம். மலேசிய மூத்த குடிமக்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு. அடையாள அட்டையை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். வார இறுதி என்றால் முன்கூட்டியே இருக்கை பதிந்துவிடுவது நல்லது. ஈப்போவிலோ பட்டர்வொர்த்திலோ இருப்பவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை, ஒரு மணி நேரச் சமாச்சாரம்.

ஈப்போ தாண்டியதும் அக்கா பேச்சை நிறுத்திவிட்டு ஜன்னலோடு ஒட்டிக்கொண்டார். அடுத்து சுங்கை சிப்புட். நாங்கள் பிறந்த தோட்டம் அந்தப் பக்கம்தான். அப்பா அங்கே பால் வெட்டியவர். லயன் வீடுகள் இருந்த இடத்தை ரயிலிலிருந்து பார்க்க முடியாது. பார்க்க முடிந்தாலும் அங்கே இப்போது ரப்பர் மரமும் இல்லை, லயமும் இல்லை. ஆனாலும் அந்த நிலையம் கடந்து போகும்வரை அக்கா கண்ணை எடுக்கவில்லை. கோலா கங்சாரைத் தாண்டி பெராப்பிட் மலைக்குள் சுமார் 3 கிலோமீட்டர் நீளச் சுரங்கப்பாதை. இருட்டிலிருந்து வெளியே வந்த சற்று நேரத்தில் தைப்பிங்.

இந்த ஊருக்கும் ரயிலுக்கும் பழைய உறவு. மலாயாவின் முதல் ரயில் 1885 ஜூன் 1ஆம் தேதி இங்கிருந்துதான் போர்ட் வெல்டுக்கு, அதாவது இன்றைய கோலா செப்பத்தாங்குக்கு ஓடியது. சுமார் 13 கிலோமீட்டர். ஈயத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோகப் போட்ட பாதை. இலங்கையிலிருந்து வந்த தொழிலாளர் படையினரும் அதற்கு உழைத்தார்கள். ஊரின் பெயருக்கு சீன மொழியில் பேரமைதி என்று பொருள். ஈயச் சுரங்கங்களுக்காகச் சீனக் கூட்டங்கள் வெட்டிக்கொண்டு மாண்ட லாருட் சண்டைகள் ஓய்ந்தபின், 1874இல் வைத்த பெயர்.

நிலையத்திலிருந்து கிராப் வண்டியில் சில நிமிடங்களில் ஏரிப் பூங்கா. ஈயம் தோண்டிக் கைவிட்ட பள்ளங்களில் நீர் தேங்கிக் கிடந்த நிலத்தை 1880களில் பூங்காவாக்கினார்கள். இன்று பார்ப்பவர்களுக்கு அது ஒரு காலத்தில் சேற்றுக் குழி என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். பின்னால் மலை, முன்னால் ஏரி, கரையோரம் நூறாண்டு கடந்த தூங்குமூஞ்சி மரங்கள். அவற்றின் கிளைகள் பழைய சாலையைத் தாண்டிப்போய்த் தண்ணீரைத் தொடுவதுபோல் வளைந்திருக்கின்றன. மாலையில் இலையை மடித்துக்கொள்வதால் நாம் அதைத் தூங்குமூஞ்சி என்கிறோம். மலாய்க்காரர்கள் 'பொக்கோக் பூக்குல் லீமா', ஐந்து மணி மரம் என்கிறார்கள். எனக்கென்னவோ அவர்கள் வைத்த பெயர்தான் மரியாதையாகப் படுகிறது.

அங்கே ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தோம். நிழல் இருக்கிறது, தரை சமமாக இருக்கிறது, எதிரில் பார்த்துக்கொண்டிருக்க ஏதாவது இருக்கிறது. நடைப்பயிற்சிக்கு வந்த சீனப் பாட்டி ஒருவர் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து மலாயில் முட்டி வலி பற்றிப் பேசத் தொடங்கினார். இருவரும் என்னென்ன எண்ணெய் தேய்க்கிறார்கள் என்பதை நான் முழுமையாகக் கேட்டு முடித்தேன். பத்தரை மணிக்கு அருங்காட்சியகத்தில் இருக்க வேண்டும் என்று மகனின் பட்டியல் சொன்னது. 1883இல் தொடங்கிய, நாட்டின் மிகப் பழைய அருங்காட்சியகம் அது. "தம்பி, நீ வேணும்னா போய்ப் பாத்துட்டு வா. நான் இங்கேயே இருக்கேன்" என்றார் அக்கா. நானும் போகவில்லை.

இளைய வாசகர்களுக்கு இந்த இடத்தில் ஒரு வார்த்தை. "நான் இங்கேயே இருக்கேன்" என்று அம்மாவோ பெரியம்மாவோ சொன்னால் அவர் சலித்துவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். பல நேரம் அவருக்கு அந்த இடம் பிடித்துவிட்டது என்றுதான் அர்த்தம். பக்கத்தில் உட்காருங்கள். நடக்கவே முடியாது என்றால் சக்கர நாற்காலியைக் கொண்டுபோங்கள். அதில் உட்கார முதலில் மறுப்பார்கள், மரத்தடிக்கு வந்ததும் மறந்துவிடுவார்கள்.

மதியம் வாழையிலைச் சாப்பாடு. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, ரசம் மட்டும் நன்றாக இருந்தது.

இரண்டாவது இடம் பட்டியலில் இல்லாதது. ஏரிப் பூங்காவைத் தாண்டி மலையடிவாரம் நோக்கிப் போகும் சாலையின் இருபுறமும் போர் வீரர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. வண்டி அந்த வழியே வந்தபோது அக்காதான் நிறுத்தச் சொன்னார். இரண்டாம் உலகப் போரில் இறந்த 850க்கும் மேற்பட்டவர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்களில் 500க்கும் அதிகமானவர்கள் யாரென்றே தெரியாதவர்கள். ஒரு பக்கம் கிறிஸ்துவர்கள், மறுபக்கம் பிற சமயத்தவர்கள். பிரிட்டிஷ் இந்தியப் படையில் சேர்ந்து, எங்கோ பிறந்து, இங்கே வந்து மடிந்தவர்கள் பலர். வெட்டிவிட்ட புல், வரிசை தவறாத கற்கள். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பெயர் இல்லாத கல் ஒன்றின் முன்னால் அக்கா நின்றார்.

"பெரியப்பாவுக்கு இதுகூட இல்லையே" என்றார்.

அப்பாவின் அண்ணனை நாங்கள் இருவரும் பார்த்ததில்லை. ஜப்பான்காரன் காலத்தில் தோட்டத்திலிருந்து சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள். மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லித்தான் ஏற்றினார்களாம். 1943 அக்டோபரில் அந்தப் பாதை முடிந்தது, 415 கிலோமீட்டர், பெரியப்பா வரவில்லை. மலாயாவிலிருந்து போன பல்லாயிரம் தமிழர்களின் கதை அதுதான். காஞ்சனபுரியில் போர்க் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. நம் ஆட்களில் பெரும்பாலானவர்களுக்கு அப்படி ஒரு கல் கிடையாது. தாத்தா சாகும்வரை மகனுக்குத் திவசம் கொடுக்கவில்லை என்று அக்கா அன்றுதான் சொன்னார். செத்த தேதி தெரியாததால் என்று நினைத்தேன். "தேதி தெரியாததுக்கு இல்லடா. குடுத்துட்டா செத்துட்டான்னு ஆயிடும்ல, அதான்" என்றார்.

அறுபது வருடமாக ஒரே குடும்பத்தில் இருந்தும் இதை நான் கேட்டதில்லை. வீட்டில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கும், யாராவது வந்துகொண்டிருப்பார்கள், மருந்து நேரம் வந்துவிடும். பெரியப்பாவின் பெயர், தோட்டத்தின் பெயர், அவரோடு ஏற்றிப்போன மற்ற இருவரின் பெயர் எல்லாவற்றையும் என் மனைவி அங்கேயே, ரயில் சீட்டின் பின்புறத்தில் எழுதிக்கொண்டார். எங்களில் அந்தப் பெயர்கள் தெரிந்த ஒரே ஆள் அக்காதான்.

மூன்று மணிக்கெல்லாம் மழை பிடித்துக்கொண்டது. தீபகற்பத்தில் அதிகம் மழை பெய்யும் ஊர்களில் ஒன்று தைப்பிங்; குடை கட்டாயம், வெளியே பார்க்க வேண்டியதைக் காலையிலேயே முடித்துவிட வேண்டும். மாலை ரயிலுக்கு முக்கால் மணி நேரம் முன்பே நிலையத்துக்குப் போய் மின்தூக்கியில் நிதானமாக ஏறினோம். திரும்பும் வழியில் சுங்கை சிப்புட் வந்தபோது இருட்டிவிட்டது. அக்கா தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பலாமா என்று மனைவி கேட்டார், வேண்டாம் என்றேன்.

மறுநாள் மகன் அழைத்து எட்டில் எத்தனை பார்த்தீர்கள் என்று கேட்டான். அந்தச் சீட்டைப் படமெடுத்து அவனுக்கு அனுப்பியிருக்கிறேன்.